அட்டையில் இருந்த பெயர்

விசாரணைக் கடிதத்தைச் சாவி மூன்று முறை படித்தார். முதல் முறை வாசலில் நின்றபடி, இரண்டாம் முறை நாற்காலியில் உட்கார்ந்து, மூன்றாம் முறை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு. கண்ணாடியைத் துடைத்ததால் கடிதம் மாறிவிடவில்லை. ஏழு மாடிக் கட்டடத்தின் லிஃப்டில் அவர் மாட்டியிருந்த பூட்டை, அவருடைய வாய்மொழி அனுமதியின் பேரில், கட்டட நிர்வாகம் அகற்றியதாம். பிறகு லிஃப்ட் ஓடியதாம். துப்புரவுப் பணியாளரான ஒரு பெண்ணின் கால் சிக்கி நசுங்கியதாம். அனுமதி கொடுத்தவருடைய உரிமத்தை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று அடுத்த திங்கட்கிழமை நேரில் வந்து சொல்ல வேண்டுமாம்.

"நான் எப்ப அனுமதி குடுத்தேன்?" என்று மனைவியிடம் கேட்டார்.

ஜன்னலோரம் தையல் மெஷினில் பள்ளிக்கூடச் சீருடைக்குக் கழுத்துப்பட்டை தைத்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கவில்லை. "என்னைக் கேட்டா? நான் என்ன உங்க வாய்க்குள்ளயா உக்காந்திருக்கேன்?"

இன்னொருவராக இருந்தால் 'நான் சொல்லவே இல்லை' என்று அங்கேயே அடித்துப் பேசியிருப்பார். சாவியால் முடியவில்லை. சொல்லவில்லை என்று மனசு சொன்னது. சொல்லியிருப்பாயோ என்று அதே மனசு மறுபடியும் கேட்டது.

சாவி என்பது பட்டப்பெயர்தான். லிஃப்ட் வேலையில் இருபத்தாறு வருடம். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், மெஷின் ரூமில் கம்பிக்கயிறு ஓடும் பெரிய சக்கரத்தை அவரோடு வேலை பார்த்தவர் துடைத்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் ஏன் நிற்கிறது என்று கேட்டுக்கொண்டே மேலேறி வந்த ஏதோ ஒரு புண்ணியவான் வெளிச்சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டிவிட்டான். மூன்று விரல் போயிற்று. 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று அறிக்கை எழுதினார்கள். சுவிட்சைத் தட்டியவனைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. விரல் போனவன் மேலேயே பழியைப் போடுவதற்கும் ஒரு படிப்பு வேண்டும். அது படித்தவர்கள் எழுதிய அறிக்கை.

அன்றிலிருந்து எந்த லிஃப்டைத் தொட்டாலும் முதலில் மெயின் சுவிட்சை அணைப்பார், அதன் கைப்பிடியில் சொந்தப் பூட்டு ஒன்றை மாட்டுவார், பூட்டில் சிவப்பு அட்டை தொங்கவிடுவார். அவருடைய பூட்டுகளுக்கெல்லாம் ஒரே சாவி. அது அவர் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் இருக்கும். குளிக்கும்போதும் கழற்ற மாட்டார். "அண்ணன் தன் கல்யாணத்துல தாலி மாத்திக் கட்டிக்கிட்டார்டா" என்று கம்பெனியில் கிண்டல் செய்வார்கள். அப்படித்தான் அந்தப் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

அட்டையில் எழுதும் உண்மைப் பெயர்தான் தலைவலி. அந்த நகரத்தில் அதே பெயரில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் அவர் வீட்டுக்கு ஒரு பெட்டி வந்தது. மனைவி பிரித்தார். உள்ளே முப்பது செட் பல். பிளாஸ்டரில் வார்த்த மேல் தாடை, கீழ்த் தாடை, ஓட்டைப் பல், கோணப் பல். அவர் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரர் கையில் கரண்டியோடு ஓடி வந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு விசாரித்துப் போனபோதுதான் அந்தப் பெயரில் ஒரு பல் டாக்டர் இருப்பது தெரிந்தது. டாக்டர் மேஜையில் இவருக்கு வர வேண்டிய கடிதங்கள் இரண்டு கிடந்தன. கூடவே நீச்சல் சொல்லிக் கொடுக்கும் ஒரு பெண்ணுக்கும் ஒரு நாடக நடிகருக்கும் வந்தவை. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்துகிற பெயர் அது.

நான்கு பேரும் ஒரு நாள் டாக்டருடைய காத்திருப்பு அறையில் கூடினார்கள். "சொத்துல பங்கு இல்லாட்டி என்ன, பேர்ல பங்கு இருக்கே. நாமெல்லாம் பங்காளிங்க" என்றார் நடிகர். ஆண்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பங்காளி என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். நீச்சல்காரி எல்லோருக்கும் தங்கச்சி. தவறி வரும் போனை உரியவருக்குத் தள்ளிவிடுவது என்று பேசிக்கொண்டார்கள்.

முதல் இரண்டு வருடம் ஒழுங்காக நடந்தது. பிறகு சோம்பல் வந்தது. 'நான் அவர் இல்லைங்க, அவர் வேற, நம்பர் தர்றேன்' என்று நாளைக்கு நாலு முறை சொல்ல யாருக்குப் பொறுமை இருக்கிறது? சின்ன விஷயம்தானே என்று ஒருவருக்காக இன்னொருவர் பதில் சொல்லத் தொடங்கினார்கள். பல்வலிக்காரருக்குச் சாவி "நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க" என்பார். பிறகு டாக்டரிடம் சொல்லிவிடுவார், ஞாபகம் இருந்தால். லிஃப்ட் நின்றுபோனவருக்கு டாக்டர் "ஆள் கெளம்பிட்டாரு" என்பார். நடிகருக்கு எந்தப் போன் வந்தாலும் கொண்டாட்டம்தான். நாளாக நாளாக, போனை எடுத்ததும் எதிரில் பேசுவதைக் கேட்காமலே "சரி, சரி" என்று சொல்வது சாவிக்குப் பழக்கமாகிவிட்டது.

அதுதான் இப்போது பயமாக இருந்தது. சம்பவம் நடந்த செவ்வாய்க்கிழமை காலை, வேறொரு கட்டடத்தில் லிஃப்டுக்கு அடியிலிருக்கும் குழிக்குள் குப்புறப் படுத்து எண்ணெய் துடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு போன் வந்தது. எடுத்தார். பக்கத்து லிஃப்டின் மோட்டார் இரைச்சல். ஏதோ ஒரு குரல். "சரி, சரி" என்றார். வைத்தார். யார் பேசினார்கள், எதற்குச் சரி சொன்னார்? அவருடைய பழைய பொத்தான் போன் கடைசிப் பத்து அழைப்புகளைத்தான் வைத்திருக்கும். கடிதம் வந்தபோது அந்த அழைப்பு எப்போதோ அழிந்திருந்தது.

செய்தி கேட்டு மனைவியின் தம்பி வந்தான். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை; பெயருக்கு எண் பார்த்துப் பலன் சொல்கிற ஒருவர் மேல் அவனுக்கு அபார நம்பிக்கை. "மாமா, பேர்ல ஒரு எழுத்தைக் கூட்டிக்கிட்டா எல்லாம் சரியாயிடும். உங்க பேரோட கூட்டுத்தொகையே கண்டம்."

"அப்படியா?" என்றார் சாவி. "அதே எழுத்து, அதே கூட்டுத்தொகை. ஒருத்தர் பல்லு புடுங்கறார். ஒருத்தி நாள் பூரா தண்ணியில நிக்கறா. ஒருத்தர் வேஷம் கட்டறார். நான் கிரீஸ்ல கெடக்கறேன். உன் ஆளு இதுக்கு என்ன சொல்றாரு?"

"அது... பொறந்த நேரம் வேற வேற இல்லையா மாமா."

"நேரம்தான் கணக்குன்னா எழுத்தை எதுக்குடா கூட்டணும்?"

அவன் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினான். அவனை மடக்கியது என்னவோ சுலபமாகத்தான் இருந்தது. தன்னைத் தானே மடக்கிக்கொண்டிருந்த கேள்வி அப்படியே இருந்தது. போனில் பேசியது யார்? நால்வரில் ஒருவர். தானாகவும் இருக்கலாம்.

மறுநாள் பல் டாக்டரிடம் போனார். நாற்காலியில் ஒருவர் வாயைப் பிளந்து படுத்திருந்தார். டாக்டர் விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு உள்ளே எதையோ தேடினார்.

"செவ்வாய்க்கிழமை காலையில என் பேர்ல யாருக்காவது சரின்னு சொன்னீங்களா பங்காளி?"

"போன வாரம் ரெண்டு பேருக்குச் சொன்னேன். ஆனா செவ்வாய்க்கிழமை காலைல ஒரு கடவாப்பல்லோட மல்லுக்கட்டிட்டு இருந்தேன். ஒன்றரை மணி நேரம். கையில குறடு, போன் எங்க எடுக்கறது?" டாக்டர் குனிந்து நாற்காலிக்காரரைக் காட்டினார். "இவர் பல்லுதான். கேட்டுக்க."

"ஆஆ" என்றார் வாய் பிளந்தவர், தலையை ஆட்டியபடி.

ஒரு பெயர் கழிந்தது. அங்கிருந்து நீச்சல் குளத்துக்குப் போனார். தங்கச்சி கழுத்தில் விசிலோடு, முழங்கால் ஆழத்தில் நின்று ஏழெட்டுக் குழந்தைகளை மிதக்க வைத்துக்கொண்டிருந்தாள். குளோரின் நெடி கண்ணை எரித்தது. கரையில் குந்தியபடி விஷயத்தைச் சொன்னார்.

"என் குரலைக் கேட்டா யாராவது உங்களைன்னு நினைப்பாங்களாண்ணா?" என்றாள். பிறகு விசிலைக் கையில் எடுத்துச் சும்மா திருகினாள். "நான் இந்த வெளையாட்டை எப்பவோ விட்டுட்டேன். உங்களாலதான்."

"என்னாலயா?"

"ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு அம்மா உங்களுக்குப் போன் பண்ணி, பொண்ணுக்கு லேசா காய்ச்சல், குளத்துல எறங்கலாமான்னு கேட்டிருக்காங்க. நீங்க, ஒண்ணும் ஆகாது, அனுப்புங்கன்னு சொல்லியிருக்கீங்க. அது தண்ணில மயங்கிடுச்சு. நான்தான் தூக்கிக் கரையில போட்டேன். நல்ல வேளை, பொழைச்சுக்கிச்சு."

சாவி குந்திய இடத்திலிருந்து எழுந்துவிட்டார். "எனக்கு ஞாபகமே இல்லையேம்மா. ஏன் அப்பவே சொல்லல?"

"சொன்னேனே. நீங்க சரி சரின்னீங்க."

குளத்திலிருந்து பஸ் நிறுத்தம் வரை நடந்தது அவருக்கு நினைவில்லை. இரண்டு பஸ் வந்து போயின. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. ஒரு குழந்தையைத் தண்ணீருக்குள் அனுப்பச் சொன்னவர் அதை மறக்க முடியுமென்றால், பூட்டை உடைக்கச் சொன்னதையும் மறந்திருக்கலாம் இல்லையா? இருபத்தாறு வருடம் பூட்டும் அட்டையுமாகத் திரிந்த மனிதர், வாயை மட்டும் திறந்து போட்டிருந்திருக்கிறார்.

கடைசியாக நடிகர். ஓர் அச்சகத்துக்கு மேலே ஒற்றை அறை. சுவரில் ஒப்பனைக் கண்ணாடி. அதைச் சுற்றி இருந்த பன்னிரண்டு பல்பில் நான்குதான் எரிந்தது. கீழே இயந்திரம் ஓடும்போதெல்லாம் அறையே மெல்ல நடுங்கியது. அறுபது தாண்டிய மனிதர். ஆறு வருடமாக மேடை ஏறவில்லை. ஆனாலும் வெளுத்த சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டிருந்தார்.

"வா பங்காளி, வா. என்ன, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

சாவி சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் மாறிவிட்டது. கட்டிலில் மெல்ல உட்கார்ந்தார்.

"செவ்வாய்க்கிழமையா? காலைல ஒம்பது, ஒம்பதரை?"

"ஆமா."

"லிஃப்ட்ல பூட்டு, சாவி இல்ல, எடுக்கலாமான்னு கேட்டான். பேரைச் சொல்லி நீங்கதானேன்னான். நான்தான்னேன்." நடிகர் தொண்டையைச் செருமினார். பிறகு அவர் வாயிலிருந்து வந்தது அவர் குரலாக இல்லை. கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் அவசரம், வாக்கிய முடிவில் ஓர் இழுப்பு. சாவியின் குரல். "'பிரேக்கெல்லாம் நான் பாத்துட்டேங்க. பூட்டை உடைச்சிடுங்க. சாயங்காலமா வந்து வேற மாட்டிடறேன்.'"

சாவிக்கு உடம்பு கூசியது. தன் குரலையே எதிரில் உட்கார்ந்து கேட்பது போல இருந்தது.

"ஏன்யா? ஏன் அப்படிச் சொன்னே?"

"வேஷம் வந்துச்சு, கட்டினேன்" என்றார் நடிகர். குரல் இறங்கிவிட்டது. "எனக்கு இப்ப யாரு வேஷம் குடுக்கறா? வாரத்துக்கு நாலு போன் வரும். ஒரு நாள் டாக்டரு, ஒரு நாள் மெக்கானிக்கு. உன்னை மாதிரிப் பேச ஆறு மாசம் பழகினேன் தெரியுமா. அவன் ஒரு நிமிஷம்கூடச் சந்தேகப்படல. போனை வெச்சுட்டுக் கண்ணாடி முன்னாடி நின்னு சிரிச்சேன். நல்லா வந்துச்சுன்னு."

"உனக்கு நல்லா வந்துச்சு. அங்க ஒருத்தி கால் போச்சு."

கீழே அச்சு இயந்திரம் ஓட ஆரம்பித்தது, கண்ணாடி நடுங்கியது. சட்டையைப் பிடித்து உலுக்கலாமா என்று சாவிக்கு வந்தது. கை எழவில்லை. நீச்சல் குளத்தில் மயங்கிய குழந்தை நினைவில் வந்து உட்கார்ந்திருந்தது. யார் யாரை உலுக்குவது?

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார்.

"அப்புறம் என்ன யோசனை?" என்றார் மனைவி. "அந்தாளைக் கூட்டிட்டுப் போயி முன்னாடி நிறுத்துங்க. உரிமம் போனா நாம என்ன பண்றது? நான் ஊருக்கெல்லாம் கழுத்துப்பட்டை தச்சே காலம் தள்ளணுமா?"

"நிறுத்தலாம். ஆனா அவர் சொன்னதுனாலதான் எல்லாம் ஆச்சுன்னு அவர் தலையில கட்டிட்டு அந்த மேனேஜர் வீட்டுக்குப் போயிடுவான். எனக்கு அங்கதான் என்னமோ இடிக்குது. என்னன்னுதான் புரியல. என் பேரா, அவர் பேரா, யார் சொன்னது, யார் சொல்லல... தலையே சுத்துது."

மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "அதெல்லாம் இருக்கட்டும். ஒண்ணு சொல்லுங்க. பூட்டு எப்படித் தெறந்துச்சு?"

"எப்படின்னா?"

"சாவி உங்க கழுத்துலதானே தொங்குது?"

சாவி கறுப்புக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். காலையிலிருந்து பெயரைத் துரத்திக்கொண்டு நகரம் முழுக்க அலைந்தவர், கழுத்தில் கிடந்ததை மறந்தே போயிருந்தார்.

விசாரணை அறையில் ஒரு நீள மேஜை, சுழலாத மின்விசிறி, பின்வரிசையில் ஐந்து நாற்காலி. விசாரணை அதிகாரி ஜலதோஷம் பிடித்த ஓர் அம்மா. கைக்குட்டையும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். எதிரில் கட்டட மேலாளர், பக்கத்தில் அவருடைய வக்கீல். பின்வரிசையில் ஒரு நாற்காலியில் நடிகர். சாவி அவரை வரச் சொல்லவில்லை. வெளுத்த சட்டையோடு தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

மேலாளர் நிதானமாகச் சொன்னார். அன்று கட்டடத்தின் முதலாளி விருந்தினர்களோடு ஏழாவது மாடிக்கு வருவதாக இருந்தது. லிஃப்ட் பூட்டியிருந்தது. அட்டையில் நம்பர் கிரீஸ் பட்டு அழிந்திருந்ததால், பெயரை வைத்து ரிசப்ஷன் பெண் நம்பர் தேடித் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். சீட்டு இப்போது இல்லை. மேலாளரே மேஜைப் போனிலிருந்து பேசினார். அனுமதி கிடைத்தது. பிளம்பரிடம் இரும்பு வெட்டும் கத்தரி வாங்கிப் பூட்டை வெட்டச் சொன்னார்.

"குரல் இவரோடதுதானா?" என்றார் அதிகாரி.

"இதே குரல்தான் மேடம். சத்தியமா."

"நீங்க என்ன சொல்றீங்க?" அதிகாரி சாவி பக்கம் திரும்பினார்.

சாவி எழுந்தார். பிறகு கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றிச் சாவியை மேஜை மேல் வைத்தார். சட்டைப் பையிலிருந்து பெயர் எழுதாத சிவப்பு அட்டை ஒன்றையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"மேடம், அந்தப் பூட்டுக்கு இது ஒண்ணுதான் சாவி. அன்னைக்கு இது என் கழுத்துல, வேற கட்டடத்துல, குழிக்குள்ள இருந்துச்சு. அட்டையில பேருக்கு மேல என்ன அச்சடிச்சிருக்குன்னு ஐயாவைப் படிக்கச் சொல்லுங்க."

மேலாளர் வக்கீலைப் பார்த்தார். அதிகாரியே எடுத்து மூக்கடைத்த குரலில் படித்தார். "'ஓட்டாதே. மாட்டியவர் தன் கையால் மட்டுமே எடுக்க வேண்டும்.'"

"கையாலன்னு போட்டிருக்கு மேடம், வாயாலன்னு போடல. போன்ல நானே சரின்னு சொல்லியிருந்தாலும், என் அப்பா சொல்லியிருந்தாலும், அந்தப் பூட்டு எடுக்கக் கூடாத பூட்டு. சொல்லு இரும்பை வெட்டாது. வெட்டினது பிளம்பர்கிட்ட வாங்கின கத்தரி. முந்தின நாள் நான் பதிவேட்டுல எழுதியிருக்கேன்: பிரேக் லைனிங் தேஞ்சு போச்சு, ரெண்டு நாள்ல புதுசு வரும், அதுவரைக்கும் ஓட்டக் கூடாது. அதுக்குக் கீழ இவர் கையெழுத்து இருக்கு. காலி லிஃப்ட்தானே, என்ன ஆகப் போகுதுன்னு நெனச்சிருப்பாரு. காலியா இருக்கும்போதுதான் மேடம், கயிறோட மறுமுனையில தொங்கற எதிர் எடை அதை மேல இழுக்கும். பிரேக் புடிக்கல. அந்தம்மா ஒரு காலை உள்ள வெச்சாங்க. லிஃப்டோட தரை அப்படியே மேல எழும்பிடுச்சு."

பதிவேடு மேஜையில்தான் இருந்தது. அதிகாரி புரட்டினார், பார்த்தார், திருப்பி மேலாளருக்குக் காட்டினார்.

"வழக்கமா போடற கையெழுத்து மேடம். அதையெல்லாம் படிக்க நேரம்..." என்று மேலாளர் ஆரம்பித்தார். வக்கீல் அவர் முழங்கையைத் தொட்டார்.

"சரி," என்றார் அதிகாரி. "ஆனா போன்ல பேசினது நீங்களா இல்லையா? அதுக்கு இன்னும் பதில் வரல."

சாவி பின்வரிசையைப் பார்க்காமல் நின்றார். சொன்னால் ஒரு கிழவரைத் தள்ளிவிட்டது போல ஆகும். சொல்லாவிட்டால் பொய்க்குத் துணை போனது போல. "நான் இல்லை மேடம்" என்று மட்டும் சொன்னார்.

நாற்காலி ஒன்று பின்னால் நகர்ந்தது. "நான்தாங்க பேசினேன்" என்றார் நடிகர்.

மேலாளர் திரும்பிப் பார்த்தார். "யாருங்க நீங்க? இவர் இல்ல மேடம். எனக்கு நல்லாத் தெரியும், அந்த மெக்கானிக் குரல்தான்."

நடிகர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். மூடிய கைக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தது. "பிரேக்கெல்லாம் நான் பாத்துட்டேங்க. பூட்டை உடைச்சிடுங்க. சாயங்காலமா வந்து வேற மாட்டிடறேன்."

மேலாளர் சாவியின் வாயைப் பார்த்தார், அது மூடியிருந்தது. பிறகு நடிகரைப் பார்த்தார். மறுபடி சாவியைப் பார்த்தார்.

அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஆக, யார்கிட்டப் பேசினீங்கன்னே உங்களுக்குத் தெரியாது. கேட்டது ஒரு பேரு. கெடைச்சது ஒரு சரி. அது போதும்னு இரும்பை வெட்டிட்டீங்க."

எழுதி முடிக்க அவருக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. உரிமம் சாவியிடமே இருக்கும். கட்டட நிர்வாகத்தின் மேல் வழக்கு. நடிகரும் வழக்கில் வந்து பதில் சொல்ல வேண்டும். தண்டனை உண்டா இல்லையா என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். நடிகர் தலையை மட்டும் ஆட்டினார். தப்பிக்க நினைப்பவராகத் தெரியவில்லை.

வாசித்துக் காட்டியதைச் சாவி கவனமாகக் கேட்டார். இந்த முறை நடுவில் ஒரு சரிகூடச் சொல்லவில்லை. "மேடம், அதுல 'துப்புரவுப் பணியாளர், பெண், ஒருவர்'னு இருக்கே. அவங்க பேரு?"

அதிகாரி காகிதங்களைப் புரட்டினார். மேலாளர் வக்கீலைப் பார்த்தார், வக்கீல் கூரையைப் பார்த்தார். ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரரிடம் இருக்கும் என்றார்கள். அவரிடம் போனில் கேட்டால், அவர் எண் சொன்னார்: பதினேழாம் எண்ணாம். நான்கு பேருக்குச் சேர்த்து ஒரு பெயர் இருக்கிற நகரத்தில், நசுங்கிய ஒரு காலுக்குப் பெயரே இல்லை. இழப்பீட்டு மனு எழுதினால் எதை எழுதுவது? பதினேழு என்றா?

அன்று மாலையே மருத்துவமனைக்குப் போனார். நடிகரும் கூட வந்தார். வர வேண்டாம் என்று சாவி சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. வார்டுக்கு வெளியே போன் அடித்தது. ஓர் ஆள் கன்னம் வீங்கிவிட்டது, வலி உயிர் போகிறது, நாளை வரலாமா டாக்டர் என்றார். சாவி முழுவதையும் கேட்டார். "நான் டாக்டர் இல்லைங்க. பேரு மட்டும்தான் ஒண்ணு. அவர் நம்பர் சொல்றேன், பேனா எடுத்துக்குங்க. எடுத்தாச்சா?" என்று ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னார். திருப்பிச் சொல்ல வைத்தார்.

கடைசிக் கட்டிலில் அந்தப் பெண் படுத்திருந்தாள். முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். இடது கால் முழங்காலுக்குக் கீழே கட்டுப் போட்டுப் பருத்துக் கிடந்தது. இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்க யாரு?"

"லிஃப்டுக்குப் பூட்டு போட்டவன்மா."

"அப்ப இவரு?"

நடிகர் வாயைத் திறந்தார். "போன்ல பூட்டை உடைக்கச் சொன்னவன்மா" என்றார், தன் சொந்தக் குரலில். அது மெல்லிசாக, வயசான குரலாக இருந்தது.

"நீங்களும் லிஃப்ட்காரரா?"

"இல்லம்மா. நாடகத்துல நடிக்கறவன்."

"லிஃப்டுக்கும் நாடகத்துக்கும் என்னங்க சம்பந்தம்?" அவள் உண்மையாகவே குழம்பிப்போய்க் கேட்டாள். "அப்ப எதுக்குச் சொன்னீங்க?"

"தெரியலம்மா" என்றார் நடிகர்.

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மன்னித்தவள் மாதிரியும் தெரியவில்லை, திட்டப் போகிறவள் மாதிரியும் தெரியவில்லை. பிறகு சாவி பக்கம் திரும்பினாள்.

சாவி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மனுத் தாளை மடியில் வைத்துக்கொண்டார். "இழப்பீட்டுக்கு மனு எழுதணும்மா. உங்க பேரு சொல்லுங்க."

"பேரு கெடக்கட்டும். எப்ப நடப்பேன்னு டாக்டர் யாராவது சொன்னாங்களா?"

"அதையும் கேட்டுட்டுத்தான் போவேன். மொதல்ல பேரு."

அவள் சொன்னாள். சாவி எழுதினார். அவள் தலையைத் தூக்கித் தாளை எட்டிப் பார்த்தாள்.

"பாத்து எழுதுங்கண்ணே. எங்க தெருவுலயே என் பேர்ல இன்னும் ரெண்டு பேரு இருக்காங்க. ஒருத்தி மாவு மில்லுல இருக்கா, இன்னொருத்தி டீச்சரு. பணம் அவங்களுக்குப் போயிடப் போகுது."

சாவியின் பேனா நின்றது. அவர் சிரிக்கவில்லை. தாளைத் திருப்பி, பிறந்த தேதி கேட்டார், வீட்டு எண் கேட்டார், வேலைக்குச் சேர்ந்த நாள் கேட்டார், அந்தப் பதினேழாம் எண்ணையும் ஒரு மூலையில் எழுதிக்கொண்டார். எல்லாவற்றையும் ஒரு முறை உரக்கப் படித்துக் காட்டினார். அவள் இரண்டு இடத்தில் திருத்தினாள்.

பிறகு ஓர் அட்டைப் பலகையின் மேல் தாளை வைத்து, அவள் கைக்கு எட்டும்படி நீட்டிப் பிடித்துக்கொண்டு, பேனாவை அவளிடமே கொடுத்தார்.

"கையெழுத்தை மட்டும் நீங்களே போடுங்கம்மா. உங்க கையால."